பல்புக்கு எத்தனை ஓம்? வோல்ட்டும் ஆம்பியரும் அளந்து பார்த்தது

பைக் இண்டிகேட்டரில் போடும் 12 வோல்ட், 21 வாட் பல்பு ஒன்று கையில் இருந்தது. இழை பல்பு, எல்இடி இல்லை. பெட்டியில் போட்டிருக்கும் வாட்டை வோல்ட்டால் வகுத்தால் 1.75 ஆம்பியர். 12-ஐ அந்த 1.75-ஆல் வகுத்தால் மின்தடை ஏறத்தாழ 6.9 ஓம். பள்ளிக்கூடக் கணக்குதான். ஆனால் மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து பல்பைத் தொட்டால் 0.8 என்று காட்டுகிறது. இரண்டு புரோப்களையும் ஒன்றோடொன்று ஒட்டி வைத்தாலே 0.3 காட்டும் மீட்டர் அது. அதைக் கழித்தால் பல்புக்கு மிஞ்சுவது வெறும் அரை ஓம்.

அரை ஓமா, ஏழு ஓமா? வோல்ட்டையும் ஆம்பியரையும் சேர்த்து அளந்து பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

பேட்டரியை நம்பவில்லை. லோடு கொடுத்ததும் அதன் வோல்ட் இறங்கும், நேரம் ஆக ஆக இன்னும் இறங்கும். ஓம் விதியைக் கண்டுபிடித்த ஜார்ஜ் ஓமுக்கே இந்தத் தலைவலி இருந்தது. அப்போதைய பேட்டரிகள் நிலையாக நிற்காததால், இயற்பியலாளர் பொக்கெண்டார்ஃப் சொன்ன யோசனைப்படி, முனைகளின் சூட்டு வித்தியாசத்தால் வோல்ட் தரும், பிஸ்மத்தும் செம்பும் சேர்ந்த வெப்ப மின்னிரட்டைக்கு மாறினார். ஒரு முனை கொதிநீரில், மறுமுனை பனிக்கட்டியில். 1827-இல் வெளிவந்த ஓமின் புத்தகத்துக்குப் பின்னால் இருப்பது அந்த அளவீடுகள்தான். நமக்கு அவ்வளவு பாடு இல்லை, 3 ஆம்பியர் வரை தரும் பவர் சப்ளை ஒன்று போதும்.

இணைப்பில் ஒரே ஒரு விஷயத்தில்தான் கவனம் வேண்டும். ஆம்பியர் மீட்டர் பல்போடு தொடரிணைப்பில், 10 ஆம்பியர் சாக்கெட்டில். வோல்ட் மீட்டரின் புரோப்கள் நேராக பல்பின் முனைகளில். பவர் சப்ளையின் திரை காட்டும் வோல்ட்டை எழுதிக்கொள்ளக் கூடாது. திரையில் 12.4 இருக்கும்போதுதான் பல்பின் முனையில் 12.0 வந்தது. நடுவில் காணாமல் போன 0.4 வோல்ட் குரோக்கடைல் கிளிப் வயர்களும் ஆம்பியர் மீட்டரும் தின்றது. 0.4-ஐ 1.78-ஆல் வகுத்தால் 0.22 ஓம். அங்கேயே 0.7 வாட் வீண். கடையில் விற்கும் அந்தக் கலர் கலர் வயர்களுக்குள் செம்பு எவ்வளவு குறைவாக இருக்கிறது என்பது இதிலேயே தெரிகிறது.

கிடைத்த அளவுகள் (வோல்ட், ஆம்பியர், அப்புறம் வகுத்தும் பெருக்கியும் வந்த ஓம், வாட்):

0.1 வோல்ட், 0.16 ஆம்பியர்: 0.63 ஓம், 0.016 வாட்
1 வோல்ட், 0.45 ஆம்பியர்: 2.2 ஓம், 0.45 வாட்
3 வோல்ட், 0.83 ஆம்பியர்: 3.6 ஓம், 2.5 வாட்
6 வோல்ட், 1.22 ஆம்பியர்: 4.9 ஓம், 7.3 வாட்
12 வோல்ட், 1.78 ஆம்பியர்: 6.7 ஓம், 21.4 வாட்

ஆக, அரை ஓமும் சரி, ஏழு ஓமும் சரி. டங்ஸ்டன் இழை சூடாக ஆக மின்தடை ஏறுகிறது. மீட்டர் பார்த்தது குளிர்ந்த இழையை. 13 மடங்கு ஏறியிருப்பதை வைத்துப் பார்த்தால் எரியும் இழை 2200, 2300 டிகிரி செல்சியஸில் இருக்கும். மின்தடை மாறாமல் இருந்திருந்தால் 6-லிருந்து 12 வோல்ட்டுக்குப் போகும்போது வாட் நான்கு மடங்காகி 29-ஐத் தொட்டிருக்கும். வந்தது 21.4 தான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஸ்விட்ச் போடும் நொடி. 12 வோல்ட்டை அரை ஓமால் வகுத்தால் 24 ஆம்பியர்! என் பவர் சப்ளையால் அது முடியாது. அதனால் 12-இல் வைத்துச் சட்டென்று இணைத்தால் 3 ஆம்பியர் வரம்பைத் தொட்டதைக் காட்டும் கரண்ட் லிமிட் விளக்கு ஒரு கணம் மின்னி அணைகிறது, அதற்குள் இழை சூடாகிவிடுகிறது. பழைய குண்டு பல்புகள் பெரும்பாலும் ஸ்விட்ச் போடும்போதே ஃபியூஸ் ஆனதற்குக் காரணம் இந்த முதல் பாய்ச்சல்தான்.

அடுத்து ஹீட்டர் ராடு. 1000 வாட். சுவரிலிருந்து கழற்றி வைத்து பிளக்கின் இரண்டு பின்களுக்கு இடையே அளந்தால் 51 ஓம். ஓடும்போது அளக்க மல்டிமீட்டரைக் கொண்டுபோகவில்லை. 230 வோல்ட்டில் வயரைத் திறந்து வைத்து விளையாடுவது வேண்டாத வேலை. சாக்கெட்டில் செருகும் பவர் மீட்டர் போட்டேன். மாலை நேரம், 212 வோல்ட், 4.13 ஆம்பியர். வகுத்தால் 51.3 ஓம், பெருக்கினால் 876 வாட். ராடுக்குள் இருக்கும் நிக்ரோம் கம்பியின் மின்தடை சூட்டில் அசைவதே இல்லை என்று சொல்லிவிடலாம். வோல்ட் 8 சதவீதம் குறைந்தால் வாட் 15 சதவீதம் குறைகிறது, வர்க்கக் கணக்கு. லோ வோல்டேஜ் நாட்களில் வெந்நீர் தாமதமாவது இதனால்தான். 12 லிட்டர் தண்ணீரை 29-லிருந்து 45 டிகிரிக்குக் கொண்டுபோக இந்த 876 வாட்டில் கணக்குப்படி 15 நிமிடம். கடிகாரத்தில் 17 ஆனது. மிச்சம் பக்கெட்டுக்கும் காற்றுக்கும் போயிருக்கும்.

அதே மீட்டரில் 9 வாட் எல்இடி பல்பையும் செருகிப் பார்த்தேன். 220 வோல்ட், 0.075 ஆம்பியர். பெருக்கினால் 16.5 வருகிறது, மீட்டரோ 9 வாட் என்கிறது. பவர் ஃபேக்டர் 0.55, அதாவது பெருக்கி வந்ததில் அவ்வளவு பங்குதான் உண்மையான வாட். ஏசியில், அதாவது வீட்டுக்கு வரும் மாறுதிசை மின்சாரத்தில், ஹீட்டருக்குப் போல எல்லாச் சாதனத்துக்கும் வெறுமனே பெருக்கிவிட முடியாது. சீலிங் ஃபேனையும் அளந்துவிட்டு அந்தக் கதையைத் தனியாக எழுதுகிறேன்.