மழை பெய்தால் கணக்கு முடியும்

கொங்குப் பக்கம் சித்திரையில் கருமேகத்தைப் பார்த்து முகம் சுளிக்கிற ஆளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். எங்கள் கேம்ப்புக்கு வந்திருந்தால் பார்த்திருக்கலாம். சத்தியமங்கலம் காட்டில் தீக்காலத்துக்கு மட்டும் வனத்துறையில் தீயணைக்கிற வேலைக்குப் போகிறவர்கள் நாங்கள். தை கடைசியில் போவோம். கோடை மழை இரண்டு பாட்டம் நன்றாகப் பெய்து தரை ஊறிவிட்டால் கணக்கு முடித்து அனுப்பிவிடுவார்கள். எனக்கு ஊர் புளியம்பட்டிப் பக்கம், வேலை ஜீப் ஓட்டுவது. மற்றவர்கள் பெரும்பாலும் காட்டை ஒட்டியிருக்கிற இருளர், ஊராளி ஊர்க்காரர்கள். காடு அவர்களுக்கு ஊர், எனக்கு அது ஒரு சீசன் வேலை. அந்த வித்தியாசம் கடைசிவரை இருந்தது.

2013-ல் புலிகள் காப்பகமாக அறிவித்த காடு இது. 1,400 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரப்பு. பண்ணாரியில் ஆரம்பித்து 27 கொண்டை ஊசி வளைவு ஏறினால் திம்பம், அப்புறம் ஆசனூர், தாளவாடி. பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தெரிந்த காடு அதுதான். எங்கள் கேம்ப் கீழே, மாயாற்றுப் பள்ளத்தாக்கில். மலை மறைத்துக்கொள்வதால் மழை குறைவு, மாசி பிறக்கும் முன்பே மரங்கள் மொட்டையாகிவிடும். ஆற்றில் மட்டும் கோடையிலும் தண்ணீர் ஓடும், மேலே மின்சாரத்துக்காகத் திறந்துவிடுவது. கரையோர நீர்மருது மரங்களில் வெண்முதுகுப் பாறுகள், அதாவது பிணந்தின்னிக் கழுகுகள், கூடு கட்டியிருக்கும். அந்த மரங்கள் பக்கம் மட்டும் ஹாரனைத் தொடக்கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள்.

கேம்ப் என்றால் சுற்றி அகழி வெட்டிய ஒரே அறை, தகரக் கூரை, சோலார் விளக்கு. களி, கொள்ளு ரசம், வாரம் ஒருநாள் முட்டை. அரிசி, ராகி மூட்டை வாசனைக்கு யானை சுவரை இடித்த கதை எல்லாக் கேம்ப்பிலும் உண்டு. அதனால் மூட்டையைப் பெரிதாக வாங்கி வைக்கமாட்டோம், நான்தான் அடிக்கடி கொண்டுபோவேன். போன் சிக்னல் ஒரு பாறை மேல் மட்டும் வரும். சாயங்காலம் ஆனால் எல்லோரும் அந்தப் பாறையில் ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு வீட்டோடு பேசுவோம்.

தீயணைக்கிற வேலை என்றால் தினமும் நெருப்போடு மல்லுக்கட்டுவது என்று ஊரில் நினைக்கிறார்கள். உண்மையில் பாதி வேலை கூட்டுவது. ரோட்டோரமும் காட்டுக்குள்ளும் தீத்தடுப்புக் கோடு போடுவார்கள். புல்லையும் புதரையும் பட்டையாகச் செதுக்கி, காலைப் பனி இருக்கும்போதே அதை எரித்துவிடுவது. தீ ஓடி வந்தாலும் அந்த இடைவெளியில் நின்றுவிட வேண்டும். கோட்டைப் போட்டதோடு விட்டால் போதாது. தேக்கும் வெக்காலியும் இலையைக் கொட்டிக்கொண்டே இருக்கும், காற்றடித்தால் கோடு மறுபடி மூடிக்கொள்ளும். மறுபடி கூட்டு. இப்போது இலை ஊதுகிற மிஷின் வந்திருக்கிறது. வேலை சீக்கிரம் முடியும், ஆனால் அந்தச் சத்தத்தில் யானை பக்கத்தில் வந்தால் தெரியாது என்று பெரியவருக்கு அது பிடிக்கவே பிடிக்காது.

பெரியவர் என்பது எங்கள் கூட்டத்திலேயே வயதான இருளர். தீ எங்கே என்று செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து டேராடூனிலிருந்து குறுஞ்செய்தி வரும். நல்ல ஏற்பாடு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதில் ஒரு புள்ளி என்பது 375 மீட்டர் சதுரம், செயற்கைக்கோளும் ஒரு நாளைக்குச் சில தடவைதான் தலைக்கு மேலே போகும். பல நாள் அந்தச் செய்தி வருவதற்குள் பெரியவர் மூக்கைச் சுளித்துவிட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்திருப்பார். “புல்லுப் புகை இல்லீங் தம்பி, உண்ணிச்செடி பிடிச்சிருக்குது” என்பார். உண்ணிச்செடி என்றால் எல்லோர் முகமும் மாறும். புல் தரையோடு எரிந்து போய்விடும். உண்ணிப் புதர் தீயை ஏணி மாதிரி மரத்து மேலே ஏற்றிவிடும்.

குடிக்கவே டிரம்மில் கொண்டுபோகிற இடத்தில் தீயில் ஊற்றத் தண்ணீர் ஏது? பச்சைத் தழைதான் ஆயுதம். புதிதாக வருகிறவன் ஓங்கி ஓங்கி அடிப்பான், பொறி பறந்து அவன் முதுகுப் பக்கம் நாலு இடத்தில் பிடிக்கும். பெரியவர் தழையைத் தூக்கவே மாட்டார். தீயின் விளிம்பில் வைத்து அமுக்கி, எரிந்து கருகின பக்கமாக இழுப்பார். ஒரு எட்டு நகர்வார், மறுபடி அமுக்கி இழுப்பார். பக்கவாட்டில் வருவார், தீக்கு முன்னால் போய் நிற்கமாட்டார். மேட்டில் நின்று தீயைப் பார்க்கிறவனைத் திட்டி இறக்குவார். சரிவில் ஏறும்போதுதான் தீ ஓட்டம் பிடிக்கும். தழையால் ஆகாதென்றால் சாயங்காலம் காற்று இறங்கும்வரை பொறுத்திருந்து, கோட்டிலிருந்து எதிர்த்தீ வைப்பார்கள், வருகிற தீக்கு எரிக்க எதுவும் மிஞ்சாமல் நாங்களே முன்னால் எரித்துவிடுவது. தூரத்தில் மூங்கில் கணு வெடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

தீ அடங்கியது என்று நான் வண்டியைத் திருப்பப் போனால் “எங்கீங் போறீங்க?” என்பார். அதற்கப்புறம்தான் பொறுமையான வேலை. பட்ட மரத்துப் பொந்தில், விழுந்த கட்டையில், காய்ந்த யானை லத்திக்குள்கூடக் கங்கு இருக்கும். மறுநாள் மதியக் காற்றுக்கு அது எழுந்துகொள்ளும். ஒவ்வொன்றாகப் புரட்டி, மண் போட்டு, புறங்கையால் சூடு பார்த்து விட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

இந்தத் தீ தானாக வருவதில்லை. மூங்கில் உரசிப் பற்றிக்கொள்ளும் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை நானும் நம்பியிருந்தேன். பார்த்தவரை எல்லாம் மனிதன் வைத்தது: பீடி, ரோட்டோரச் சமையல், மாட்டுக்குப் புதுப் புல் முளைக்கட்டும் என்று போட்ட ஒரு தீக்குச்சி. பங்குனியில் பண்ணாரி அம்மன் கோயில் குண்டத்தில் தீ மிதிக்க லட்சக்கணக்கில் சனம் வரும். எங்கள் வீட்டிலும் குண்டம் இறங்குவார்கள். நான் அந்த நாட்களில் சாமி கும்பிட்டதைவிட ரோட்டோரம் யார் அடுப்புக் கூட்டுகிறார்கள் என்று பார்த்ததுதான் அதிகம்.

அப்புறம் ஒரு நாள் மேற்கே இடி இடிக்கும். மண்வாசனை வரும். காட்டுக்கு நல்லது, ஆட்டுக்கு நல்லது, ஊரில் அம்மா போன் செய்து “மழைங்களா அங்க?” என்று சந்தோஷமாகக் கேட்பார். நானும் சந்தோஷமாகத்தான் பதில் சொல்வேன், கூடவே இந்த மாதம் எத்தனை நாள் சம்பளம் என்று மனதுக்குள் கணக்கு ஓடும். இரண்டும் பொய்யில்லை. கூட இருந்தவர்கள் தேனெடுக்கப் போவார்கள், சிலர் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு. எனக்கு ஈரோட்டு மண்டிக்கு மஞ்சள் லோடு.

எனக்குத் தெரிந்ததெல்லாம் காய்ந்த காடுதான். போன ஐப்பசியில் வீட்டுக்காரியைப் பண்ணாரிக்குக் கூட்டிப்போய், அப்படியே ஆசனூர் பஸ் ஏறினோம். நான் கூட்டிப் பெருக்கின ரோட்டோரத்தைக் காட்ட வேண்டும் என்று ஆசை. ஒரு இடமும் பிடிபடவில்லை. புல் ஆள் உயரம் நின்றது, ஈரம் சொட்டியது. “இதுலயா தீப் பிடிக்குதுங்கறீங்க?” என்று நம்பாமல் கேட்டாள். அந்தப் புல்தான் பிடிக்கும் என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் அதில் எவ்வளவு ஆள்கூலி நிற்கிறது என்று பார்த்துக்கொண்டு வந்தேன்.