கணவன், மனைவி இருவரும் தலசீமியா கேரியர்: கருவின் மரபணுப் பரிசோதனையை நாங்கள் கடந்த விதம்

கர்ப்பம் உறுதியானதும் எடுக்கும் வழக்கமான ரத்தப் பரிசோதனையில் எனக்கு ஹீமோகுளோபின் 9.8 கிராம் என்று வந்தது. பள்ளிக் காலத்திலிருந்தே எனக்கு அது பத்தை ஒட்டித்தான் இருந்திருக்கிறது என்பதால், வழக்கம்போல இரும்புச்சத்து மாத்திரையைக் கூட்டிக் கொடுப்பார்கள் என்றுதான் எண்ணியிருந்தேன். மகப்பேறு மருத்துவர் அந்த எண்ணோடு நிற்காமல் அதற்குக் கீழே இருந்த இரண்டு வரிகளைப் பார்த்தார். சிவப்பணுவின் சராசரிக் கன அளவைக் காட்டும் எம்.சி.வி., 80-க்கு மேல் இருக்க வேண்டியது, எனக்கு 64 ஆக இருந்தது. ஆனால் சிவப்பணுக்களின் எண்ணிக்கை மைக்ரோலிட்டருக்கு 54 லட்சம். இரும்பு போதாத உடலில் அணுக்கள் சிறுப்பதோடு அவற்றின் எண்ணிக்கையும் பெரும்பாலும் குறையும். என் எலும்பு மஜ்ஜையோ அணுக்களைத் தாராளமாகச் செய்து, ஒவ்வொன்றையும் பாதி நிரப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. 64-ஐ 5.4-ஆல் வகுத்தால் 12-க்குச் சற்றுக் குறைவாக வருகிறது. இந்த ஈவு 13-க்குக் கீழே போனால், ஹீமோகுளோபின் போதிய அளவு உருவாகாத பரம்பரை ரத்தக் கோளாறான தலசீமியாவைச் சந்தேகிக்கலாம் என்பது மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கையாளும் எளிய கணக்கு.

அன்றே, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவுக்கும், ஹெச்.பி.எல்.சி. என்ற முறையில் ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துப் பார்ப்பதற்கும் ரத்தம் எடுத்தார்கள். ஃபெரிட்டின் இயல்பாக இருந்தது, அதாவது இரும்புக்குப் பஞ்சமில்லை. ஹெச்.பி.எல்.சி. அறிக்கையில் ஹீமோகுளோபின் ஏ2 என்ற வகை 5.3 சதவீதம்; வழக்கமாக அது 3.5-க்குள் இருக்கும். நம் ரத்தத்தில் பெரும்பங்காக உள்ள ஹீமோகுளோபின் ஏ, இரண்டு ஆல்ஃபா சங்கிலிகளும் இரண்டு பீட்டா சங்கிலிகளும் சேர்ந்த புரதம். ஏ2-வில் பீட்டாவின் இடத்தில் டெல்டா என்ற வேறொரு சங்கிலி இருக்கிறது. பீட்டா உற்பத்தி குறையும்போது ஏ2-வின் பங்கு உயர்கிறது. ஆகவே நான் பீட்டா தலசீமியா மைனர், ஆஸ்பத்திரி வழக்கில் சொன்னால் கேரியர்; அதாவது பீட்டா சங்கிலிக்கான மரபணுவின் ஒரு பிரதி பழுதானவள்.

இதனால் எனக்கு எந்த ஆபத்தும் இல்லை என்று விளக்கிய மருத்துவர், என் கணவரையும் உடனே பரிசோதிக்க வேண்டும் என்றார். அவர் ஒரு நாளும் சோர்வென்று படுக்காதவர், வாரம் தவறாமல் வாலிபால் ஆடுபவர். அவருக்கு ஹீமோகுளோபின் 13; ஆனால் ஏ2 5.1. "நம்ம வீட்டுல யாருக்கும் இப்படி ஒரு சீக்கு இருந்ததில்லையே கண்ணு" என்று என் மாமியார் திரும்பத் திரும்பக் கேட்டார். அவர் சொன்னது உண்மைதான். இந்த மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று சரியாக இருந்தால் போதும், ஆள் நலமாகவே இருப்பார். அப்படியே பல தலைமுறைகள் யாருக்கும் தெரியாமல் கடந்துவிடும். அடுத்து எல்லாரும் கேட்ட கேள்வி, சொந்தத்தில் கட்டிக்கொண்டோமா என்பது. இல்லை. அவர் கொங்குப் பக்கம், நான் வட ஆர்க்காட்டுப் பக்கம், எங்களுக்குள் எந்த உறவும் கிடையாது. சொந்தத் திருமணத்தில் இந்த வாய்ப்பு கூடும் என்பது சரி, ஆனால் அந்நியத்தில் கட்டினால் பயமில்லை என்று நினைப்பவர்களை இந்தப் பயணத்தில் நான் நிறையவே சந்தித்தேன். இந்தியாவில் ஏறத்தாழ நூறு பேருக்கு மூன்று நான்கு பேர் கேரியர்கள் என்னும்போது, உறவில்லாத இருவர் இப்படிச் சேர்வது அரிய விபத்து அல்ல.

மரபணு ஆலோசகர் ஒரு வெள்ளைத் தாளில் நான்கு கட்டங்கள் போட்டு விளக்கினார். குழந்தை இருவரிடமிருந்தும் நல்ல பிரதியைப் பெற வாய்ப்பு நான்கில் ஒன்று, ஒரு பழுதைப் பெற்று எங்களைப்போல் கேரியராக நான்கில் இரண்டு, இரு பழுதுகளையும் பெற்று தலசீமியா மேஜர் என்ற கடும் நோயோடு பிறக்க நான்கில் ஒன்று. ஒவ்வொரு கர்ப்பத்திலும் இந்தக் கணக்கு புதிதாகத் தொடங்கும் என்பதை அவர் அழுத்திச் சொன்னார். எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது என்று அறிய கருவின் டி.என்.ஏ.-வைப் பார்க்க வேண்டும். அதற்கு முன் எங்கள் இருவரிடமும் எந்த இடத்தில் பழுது என்பது தெரிய வேண்டும். ஏழாவது வாரம் முடிந்திருந்தது. நஞ்சுக்கொடித் திசுவை 11-ஆம் வாரத்திலிருந்து எடுக்கலாம் என்பதால், அதற்குள் எங்கள் அறிக்கைகள் வந்தாக வேண்டும். தாமதமானால் 16-ஆம் வாரத்தை ஒட்டிப் பனிக்குட நீரை எடுத்துப் பார்க்கும் வழியும் இருந்தது, ஆனால் காத்திருப்பு நீளும்.

ஊதா மூடிக் குழாயில் மறுபடியும் ரத்தம். இந்த முறை சிவப்பணுக்களால் பயனில்லை, ஏனெனில் முதிர்ந்த சிவப்பணுவில் உட்கருவே கிடையாது. சிவப்பணு நோயின் காரணத்தை வெள்ளையணுக்களின் டி.என்.ஏ.-வில்தான் தேட வேண்டியிருக்கிறது. அறிக்கைகள் வந்தபோது ஒன்றில் பீட்டா குளோபின் மரபணு, ஐ.வி.எஸ். 1-5, ஜி-க்குப் பதில் சி என்றும், மற்றொன்றில் அதே மரபணு, கோடான் 15, ஜி-க்குப் பதில் ஏ என்றும் இருந்தது. முதலாவது என்னுடையது. இந்தியாவில் பீட்டா தலசீமியாவுக்கு மிகப் பரவலான காரணம் அதுவே. இருவரிடமும் தலா ஓர் எழுத்துதான் மாறியிருந்தது. ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் கொண்ட டி.என்.ஏ. தொகுப்பில் ஓர் எழுத்து என்ன செய்துவிட முடியும் என்று நான் கேட்டேன். ஆலோசகர் பொறுமைசாலி. அவர் அன்று தொடங்கி வைத்ததை நானும் பிறகு வீட்டில் பிளஸ் டூ விலங்கியல் புத்தகத்தை வைத்துக்கொண்டு படித்து முடித்தேன்.

பதினோராவது குரோமோசோமின் குட்டைக் கரத்தில் சுமார் 1,600 எழுத்து நீளத்துக்கு இருக்கிறது இந்த மரபணு. மிகச் சிறியது என்றே சொல்ல வேண்டும். பீட்டா சங்கிலிக்கான செய்தி அதில் தொடர்ச்சியாக இல்லை. மூன்று துண்டுகளாக இருக்கிறது, நடுவே 130 எழுத்தில் ஒன்றும் 850 எழுத்தில் ஒன்றுமாக இரண்டு இன்ட்ரான்கள் குறுக்கிடுகின்றன. மரபணுக்கள் இப்படித் துண்டுபட்டிருப்பதை 1977-இல் கண்டறிந்ததற்காகத்தான் பிலிப் ஷார்ப், ரிச்சர்ட் ராபர்ட்ஸ் இருவருக்கும் 1993-இல் நோபல் பரிசு கிடைத்தது. செல் முதலில் முழு நீளத்தையும் ஆர்.என்.ஏ.-வாகப் படியெடுக்கிறது, பிறகு இன்ட்ரான்களை வெட்டி எறிந்து, மீதித் துண்டுகளை ஒட்டி, உட்கருவுக்கு வெளியே அனுப்புகிறது. வெட்ட வேண்டிய எல்லை எது என்பதை அந்த எல்லையை ஒட்டிய சில எழுத்துகளே வெட்டும் கருவிக்குக் காட்டிக்கொடுக்கின்றன. என் பழுது, அதாவது ஐ.வி.எஸ். 1-5, முதல் இன்ட்ரானின் ஐந்தாவது எழுத்தில் இருக்கிறது. அது மாறியதால் உண்மையான எல்லை மங்கிப்போய், அருகிலேயே அதைப்போல் தோற்றமளிக்கும் வேறு இடங்களில் வெட்டு விழுகிறது. அந்த இடங்களில் வெட்டினால் மூன்று மூன்றாகப் பிரித்துப் படிக்க வேண்டிய செய்தி தடம் புரண்டுவிடும், உருப்படியான பீட்டா சங்கிலி உருவாகாது. சரியாக வெட்டுப்படும் செய்தி மிகச் சிறிதளவே. எனக்கு இதில் வியப்பளித்தது, அந்த எழுத்து புரதத்தில் இடம்பெறுவதே இல்லை என்பதுதான். எறியப்படும் பகுதியில் இருந்துகொண்டு அது புரதத்தின் அளவைத் தீர்மானிக்கிறது.

என் கணவருடைய பழுது அடுத்த கட்டத்தில் நேர்கிறது. அவருடைய செய்தி ஒழுங்காக வெட்டப்பட்டு, ஒட்டப்பட்டு, ரைபோசோமைச் சென்றடையக்கூடியது. ரைபோசோம் மூன்று மூன்று எழுத்தாகப் படித்து, கோடான் என்ற அந்த மூன்றெழுத்துத் தொகுதி ஒவ்வொன்றுக்கும் உரிய அமினோ அமிலத்தைக் கோத்துக்கொண்டே போகும். சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 2009-இல் மற்ற இருவரோடு வேதியியல் நோபலைப் பகிர்ந்துகொண்டது இந்த ரைபோசோமின் அமைப்பை வெளிப்படுத்தியதற்காக. இருக்கும் 64 கோடான்களில் 61 அமினோ அமிலங்களைக் குறிக்கின்றன, மூன்று 'இங்கே நிறுத்து' என்கின்றன. பதினைந்தாவது கோடான் இயல்பில் டி-ஜி-ஜி. டிரிப்டோபேன் என்ற அமினோ அமிலத்துக்கு உரியது. என் கணவரின் ஒரு பிரதியில் அது டி-ஏ-ஜி ஆகி, நிறுத்தக் கட்டளையாகிவிட்டது. 146 அமினோ அமிலங்கள் கொண்டதாக வளர வேண்டிய சங்கிலி 14-இல் நின்றுவிடும். பெரும்பாலும் அந்த அளவுக்குக்கூடப் போவதில்லை, ஏனெனில் இப்படி முன்னதாகவே நிறுத்தம் கொண்ட செய்திகளைச் செல் அடையாளம் கண்டு அழித்துவிடுகிறது. அந்தப் பிரதியிலிருந்து பீட்டா சங்கிலி அறவே கிடையாது.

இதே மரபணுவில் ஆறாவது கோடானில் ஓர் எழுத்து மாறினால் கதை வேறாகிறது. அங்கே சங்கிலி முழுதாகவே உருவாகும், ஆனால் குளூட்டமிக் அமிலத்தின் இடத்தில் வேலின் உட்கார்ந்திருக்கும். அதுவே அரிவாள் செல் நோய். நீலகிரிப் பழங்குடி மக்களிடம் அதை லேமனும் கட்புஷும் 1952-இல் கண்டறிந்து எழுதினார்கள். ஒன்றில் புரதத்தின் தன்மை கெடுகிறது, எங்களுடையதில் அளவு கெடுகிறது. இரண்டுமே மலேரியா மிகுந்த நிலப்பகுதிகளில் பரவலாக இருப்பது தற்செயல் அல்ல. ஒரு பழுதுப் பிரதி உள்ளவர்கள் கடும் மலேரியாவிலிருந்து ஓரளவு தப்பியதால் அந்தப் பிரதிகள் தலைமுறை தலைமுறையாக நிலைத்துவிட்டன.

இரண்டு பழுதுகளும் ஒரே குழந்தையிடம் சேர்ந்தால் நேர்வது பீட்டா பற்றாக்குறையோடு முடிவதில்லை. ஆல்ஃபா சங்கிலிகள் வழக்கம்போல் உற்பத்தியாகும். இணை கிடைக்காத ஆல்ஃபா திரண்டு படிந்து, வளரும் சிவப்பணுக்களை மஜ்ஜைக்குள்ளேயே கொல்லும். அதை ஈடுகட்ட மஜ்ஜை விரிந்து எலும்புகளை உருமாற்றும், மண்ணீரல் வீங்கும். கருவிலும் பிறந்த சில மாதங்கள் வரையும் பீட்டாவுக்குப் பதில் காமா சங்கிலி வேலை செய்வதால், குழந்தை நன்றாகத்தான் பிறக்கும். ஆறு மாதத்தை ஒட்டி வெளிறத் தொடங்கும். அதன் பிறகு சில வாரங்களுக்கு ஒரு முறை ரத்தம் ஏற்ற வேண்டும், ஏற்றிய ரத்தத்தால் சேரும் இரும்பை வெளியேற்ற மருந்து வேண்டும். ஆலோசகரின் யோசனைப்படி, ஒரு மருத்துவமனையின் பகல் நேர ரத்தமேற்றும் பிரிவுக்குச் சென்று பார்த்தோம். அங்கே வந்திருந்த ஒரு தாய், தன் மகள் கல்லூரியில் படிப்பதையும், இரும்பு வெளியேற்றும் மாத்திரையை அவள் ஒரு நாள் தவறவிட்டாலும் தான் படும் பதற்றத்தையும் ஒரே மூச்சில் சொன்னார். முன்பைவிட நெடுங்காலம் வாழ முடிகிறது என்பதையும், அந்த வாழ்க்கைக்கு ஒரு குடும்பம் முழுவதும் உழைக்க வேண்டியிருக்கிறது என்பதையும் அங்கேதான் புரிந்துகொண்டோம்.

11-ஆம் வாரம் முடிந்த பிறகு திசு எடுக்க நாள் குறித்தார்கள். கருவின் பாலினத் தேர்வைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஹீமோகுளோபின் கோளாறுகளுக்காக இந்தப் பரிசோதனை செய்ய அனுமதி உண்டு. கருவின் பாலினத்தைக் கேட்கவோ சொல்லவோ கூடாது. அதற்கான ஒப்புதல் படிவத்தைத் தமிழில் படித்துப் பார்த்து நான் கையெழுத்திட்டேன். கருச்சிதைவு அபாயம் சிறிதளவு உண்டு, அனுபவமிக்க கைகளில் அது ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்று எழுதியும் கொடுத்தார்கள். வயிற்றில் மரப்பு ஊசி போட்டு, ஸ்கேன் திரையைப் பார்த்தபடியே மெல்லிய ஊசியைச் செலுத்தி, நஞ்சுக்கொடியின் நுண்ணிழைகளைச் சிறிதளவு உறிஞ்சினார்கள். வலியைவிட, அந்த நேரத்தில் இருமிவிடக் கூடாதே என்ற கவலைதான் எனக்கு அதிகம். எடுத்த திசுவை அங்கேயே நுண்ணோக்கியின் கீழ் வைத்து, ஒட்டியிருந்த என் திசுவைப் பிரித்து நீக்கினார்கள். அப்படியும் என் டி.என்.ஏ. கலந்திருந்தால், குழந்தைக்கு இல்லாத என் பழுது அதன் அறிக்கையில் இருப்பதாகக் காட்டிவிடும். அதனால் என் ரத்தத்தையும் உடன் அனுப்பி, ஆளுக்கு ஆள் வேறுபடும் சில டி.என்.ஏ. பகுதிகளை ஒப்பிட்டுக் கலப்பில்லை என்று உறுதிசெய்த பிறகே முடிவைச் சொல்கிறார்கள். இந்தப் பரிசோதனைக்குப் போகிறவர்கள், தாய் டி.என்.ஏ. கலப்புச் சோதனையும் சேர்த்துச் செய்கிறார்களா என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. எங்களுக்கு அதை ஆலோசகர்தான் சொல்லியிருந்தார்.

காத்திருந்த நாட்களில், மேஜர் என்று வந்தால் என்ன செய்வது என்பதைப் பேசி முடித்திருந்தோம். 2021-இல் திருத்தப்பட்ட சட்டம் 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தின் பேரில் கருக்கலைப்பை அனுமதிக்கிறது என்பதால், எங்களுக்கு அவசரம் இல்லாமல் முடிவெடுக்க இடமிருந்தது. எங்கள் முடிவு எதுவாக இருந்தது என்பதை இங்கே எழுதப்போவதில்லை. அது ஒவ்வொரு வீட்டுக்கும் வேறு. இடையில் என் கணவர், தலசீமியாவுக்கு 2023 இறுதியில் பிரிட்டனிலும் 2024 ஜனவரியில் அமெரிக்காவிலும் அனுமதி பெற்ற மரபணுத் திருத்தச் சிகிச்சையைப் பற்றிப் படித்துவிட்டு ஆலோசகரிடம் கேட்டார். அது பழுதான எழுத்தைத் திருத்துவதில்லை, பிறந்த பின் காமா சங்கிலியை அடக்கி வைக்கும் பி.சி.எல்.11ஏ என்ற மரபணுவை மஜ்ஜை செல்களில் செயலிழக்கச் செய்து, கருக்கால ஹீமோகுளோபினைத் திரும்பக் கொண்டுவருகிறது என்று விளக்கினார். அமெரிக்காவில் அது அறிமுகமானபோது விலை 22 லட்சம் டாலர். என் கணவர் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.

அறிக்கை வந்தது: ஐ.வி.எஸ். 1-5 இல்லை, கோடான் 15 ஒரு பிரதியில் உண்டு, தாய் டி.என்.ஏ. கலப்பு இல்லை. குழந்தை தன் தந்தையைப் போலவே கேரியர். அந்த அறிக்கையை, அரசின் கர்ப்பப் பதிவான பிக்மி எண்ணுக்கான தாள்களோடு சேர்த்து வைத்துக்கொண்டேன், பிரசவத்தின்போது யாராவது கேட்டால் காட்டலாம் என்று.

பிறந்தது பெண். பிறந்தவுடனே ஹெச்.பி.எல்.சி. செய்து பார்த்துவிடலாம் என்று வீட்டில் வற்புறுத்தினார்கள். அந்த வயதில் காமா சங்கிலியே மேலோங்கியிருக்கும், ஏ2 இன்னும் உயர்ந்திருக்காது என்பதால் ஒரு வயது முடியும் வரை பொறுத்தோம். அப்போது எடுத்த அறிக்கையில் ஏ2 4.9. எம்.சி.வி. குறைவாக இருப்பதைப் பார்த்து யாரும் இவளுக்குத் தேவையில்லாமல் இரும்பு டானிக் எழுதிக்கொடுத்துவிடக் கூடாதென்று, தடுப்பூசி அட்டையின் முதல் பக்கத்திலேயே தலசீமியா மைனர் என்று குறித்து வாங்கிக்கொண்டோம். என் தம்பியும், கணவரின் தங்கையும் ரத்தம் கொடுத்துப் பார்த்தார்கள். தம்பிக்கு எல்லாம் இயல்பு. கணவரின் தங்கைக்கு ஏ2 உயர்ந்திருந்தது. அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. பெண் பார்க்க வந்தவர்களிடம் என் மாமியாரே முன்வந்து விஷயத்தைச் சொல்லி, மாப்பிள்ளைக்கும் ஹெச்.பி.எல்.சி. எடுக்கக் கேட்டுக்கொண்டார். ஒரு வீட்டார் அத்துடன் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அடுத்து வந்தவர்கள் மறுவாரமே அறிக்கையை அனுப்பிவைத்தார்கள். அதில் ஏ2 2.6 என்று இருந்தது.