தொராஜா நாட்குறிப்பு: வரைந்துகொண்டே ஒரு பயணம்

ஆகஸ்ட் 4, ராந்தேபாவ்

மக்காசாரிலிருந்து இரவு பஸ். விடியும்போது இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில், தொராஜா மக்கள் வாழும் மலைகளுக்குள் வந்துவிட்டோம். இந்தப் பயணத்தை அனிமேஷன் குறும்படமாக்கப் போகிறேன். முதலில் வரைந்தது தோங்கோனான் என்னும் அவர்களுடைய பாரம்பரிய வீடு. மூங்கில் கூரை இருபுறமும் படகைப் போல உயர்ந்து நிற்கிறது, வாசல் வடக்கே. முன்தூணில் எருமைக் கொம்புகள் அடுக்கடுக்காக. ஒவ்வொரு ஜோடியும் அந்த வீட்டு இறுதிச் சடங்குகளில் பலியிட்ட ஓர் எருமையின் கணக்கு.

ஆகஸ்ட் 5

"பாட்டிக்கு உடம்பு சரியில்லை, உள்ளே வந்து பாருங்கள்" என்றார் வீட்டுக்காரர். பாட்டி இறந்து ஓராண்டுக்கு மேல் ஆகிறது. சடங்கு நடக்கும்வரை இங்கே இறந்தவர் நோயாளிதான். பதப்படுத்திய உடல் கட்டிலில். தலைமாட்டில் சோறு, ஆவி பறக்கும் காப்பி. பேத்தி போர்வையைச் சரிசெய்துவிட்டு, விருந்தாளி வந்திருப்பதாகப் பாட்டியிடம் சொன்னாள். பயம் வரவில்லை. "போய் வருகிறேன் பாட்டி" என்று சொல்லிக்கொண்டுதான் கிளம்பினேன்.

ஆகஸ்ட் 7

வேறொரு ஊரில் ரம்பு சோலோ என்னும் இறுதிச் சடங்கு. கறுப்பு உடையில் உறவினர் வரிசை, மூங்கிலில் கட்டித் தூக்கி வந்த பன்றிகள். யார் என்ன கொண்டுவந்தார்கள் என்று ஒருவர் நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தார். நாளை அவர்கள் வீட்டில் சாவு விழுந்தால் திருப்பிச் செய்தாக வேண்டும். எமன் எருமையில் வருவான் என்று கேட்டு வளர்ந்தவன் நான். இங்கே எருமைதான் ஆன்மாவைப் பூயா என்னும் மறுவுலகுக்குக் கொண்டுசேர்க்கிறது. புள்ளி போட்ட தெடோங் போங்கா எருமையின் விலை பல கோடி ரூபியா. கடன்பட்டுச் சடங்கு செய்யும் குடும்பங்களை நினைத்தால் மனம் கனக்கிறது. ஆனால் வெட்டிய இறைச்சி ஊர் முழுக்கப் பங்காகப் போவதையும் பார்த்தேன்.

பின்னர் மபாடோங். கைகோத்து வட்டமாக நின்று, இறந்தவரின் வாழ்க்கையைப் பாட்டாகச் சொல்கிறார்கள். அடி அவ்வளவு மெதுவாக விழுகிறது. என் அனிமேஷனில் இந்தக் காட்சிக்கு வினாடிக்கு 24 படம் வேண்டாம், 12 போதும்.

ஆகஸ்ட் 9, லேமோ

செங்குத்துப் பாறையில் குடைந்த கல்லறைகள். அவற்றின் மாடங்களில் தவுதவு: பலாமரத்தில் செதுக்கி, உடையுடுத்திய முன்னோர் உருவங்கள். வெள்ளை விழிகள், நீட்டிய கைகள். 1980களில் இவற்றில் பலவற்றைத் திருடி வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களுக்கு விற்றுவிட்டார்கள். திருட்டுக்குப் பயந்து, மிஞ்சியவற்றை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிய குடும்பங்களும் உண்டு. ஒருவருடைய தாத்தாவை இன்னொருவர் வரவேற்பறையில் அலங்காரமாக நிறுத்துவதா? ஆத்திரம் அடங்கவில்லை. படத்தில் அந்தக் காலி மாடங்களையும் வரைகிறேன்.