பாட்டுக்கு முன்னால் வெளிச்சம்

பறவை பாடுவது தொண்டையின் வேலை என்று யாராவது சொன்னால், உடனே கேனரிக் குருவியைப் பேச்சுக்குள் இழுத்துவிடுவேன். ஆண் கேனரியின் மூளையில் பாட்டுக்கான எச்.வி.சி. பகுதி, இலையுதிர்காலத்தைவிட வசந்தத்தில் ஏறக்குறைய இரு மடங்கு பெரியது என்று 1981-இல் பறவை மூளை ஆய்வாளர் ஃபெர்னாண்டோ நாட்டபாம் காட்டினார். பகல் நீள்வதைக் கண் சொல்லவேண்டியதில்லை. மண்டையோட்டைத் தாண்டி வரும் வெளிச்சத்தை மூளையே உணர்ந்துகொள்ளும். அப்புறம் விந்தகம் பெரிதாகும், ஆண் ஹார்மோன் எனப்படும் டெஸ்டோஸ்டிரோன் ஏறும். சரி, அது ரத்தத்தோடு எங்கும்தான் ஓடுகிறது. ஆனால் அதைப் பிடித்துக்கொள்ளும் ஆண்ட்ரோஜன் (டெஸ்டோஸ்டிரோன் வகை ஹார்மோன்) ஏற்பி இருக்கிற செல்தான் நேரடியாக மாறும், எச்.வி.சி.யில் அவை ஏராளம். எனக்குப் பிடித்த இடம் இதுதான். இன்னொரு வேடிக்கை, அரோமட்டேஸ் என்ற நொதி மூளைக்குள்ளேயே டெஸ்டோஸ்டிரோனைப் பெண் ஹார்மோன் எனப்படும் ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. ஆண் ஹார்மோன், பெண் ஹார்மோன் என்று கோடு போட்டுப் பேசுவது எனக்கு எரிச்சல். பெண் கேனரிக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தால் அதுவும் ஆணைப்போலப் பாடும்.