முட்டி வலிக்கு ரத்தத்தில் விடை தேடுபவர்களுக்கு

"எல்லாம் நார்மல் என்று போட்டிருக்கிறதே அம்மா, பிறகு ஏன் என்னால் மாடிப்படி இறங்க முடியவில்லை?" ரிப்போர்ட் வாங்க வருபவர்கள், குறிப்பாக ஐம்பதைத் தாண்டிய பெண்கள், என்னிடம் இப்படித்தான் கேட்கிறார்கள். நான் திண்டுக்கல்லில் ஓர் ஆய்வகத்தில் டெக்னீஷியன். சிகிச்சை பற்றிப் பேச வேண்டியவர் மருத்துவர். ஆனால் அந்தத் தாளில் உள்ள எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று என்னால் சொல்ல முடியும்.

இ.எஸ்.ஆர். என்பது குழாயில் நிறுத்திய ரத்தத்தில் சிவப்பணுக்கள் ஒரு மணி நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் இறங்குகின்றன என்ற கணக்கு. வயதானாலும் கூடும், ரத்தசோகை இருந்தாலும் கூடும். சி.ஆர்.பி. கல்லீரலில் உண்டாகும் புரதம். அழற்சிச் செய்தியைக் கடத்தும் இன்டர்லூகின்-6 என்ற புரதம் ரத்தத்தில் ஏறும்போது கல்லீரல் அதைச் சுரக்கிறது. முடக்குவாதத்தில் பல மூட்டுகள் ஒரே நேரத்தில் அழல்வதால் இது நன்றாக உயரும். முழங்கால் தேய்மானத்தில் அழற்சி பெரும்பாலும் மூட்டுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. அதனால் சி.ஆர்.பி. நார்மலாகவே இருக்கலாம், அல்லது லேசாகத்தான் கூடும். உடல் பருமன் உள்ளவருக்கு அந்த லேசான உயர்வும் முட்டியால் வந்ததா, வயிற்றுக் கொழுப்பால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. கொழுப்புத் திசுவும் இன்டர்லூகின்-6 சுரக்கிறது.

அதற்காக வலி பொய்யாகிவிடாது. குருத்தெலும்பில் நரம்பு இல்லை. மூட்டின் உள்ளுறையான சைனோவியத்தில் நிறைய இருக்கிறது. உதிர்ந்த குருத்தெலும்புத் துணுக்குகள் அந்த உறையைச் சீண்டுகின்றன. உறை தடித்து, இன்டர்லூகின்-1, டி.என்.எஃப். போன்ற அழற்சிப் புரதங்களை வெளியிடுகிறது. அவை குருத்தெலும்புச் செல்களைத் தூண்ட, எம்.எம்.பி.-13 என்ற நொதி உருவாகி, குருத்தெலும்பைத் தாங்கும் கொலாஜன் புரதத்தையே வெட்டுகிறது. மறுபடியும் துணுக்குகள், மறுபடியும் அழற்சி.

இதை நான் நேரில் பார்ப்பது மூட்டு நீரில்தான். சரியான முழங்காலில் சில மில்லிலிட்டர்தான் இருக்கும். நீர் கோத்த காலில் சிரிஞ்சே நிறைந்துவிடும். தேய்மானம் உள்ளவரின் நீர் பெரும்பாலும் வெளிர்மஞ்சளாக, முட்டை வெள்ளைக்கருபோல் இழுபடும். ஊசி முனையிலிருந்து ஒரு சொட்டை விட்டால் நூல்போல் நீண்டு இறங்க வேண்டும். அழற்சி கடுமையானால் அந்த இழுபடும் தன்மையைத் தரும் ஹயலுரானிக் அமிலம் சிதைந்து, தண்ணீராகச் சொட்டும். செல் எண்ணும்போது, ரத்தத்துக்குச் செய்வதுபோல் அசிட்டிக் அமிலம் சேர்த்தால் நீர் கட்டிவிடும். சலைன்தான் சேர்க்க வேண்டும். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் நான் விடாமல் சொல்வது இது.

மைக்ரோலிட்டருக்கு 2,000 வெள்ளையணுக்களுக்குக் கீழே இருந்தால் 'அழற்சியற்ற நீர்' என்று வகைப்படுத்துகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஆரோக்கியமான முட்டியில் 200-ஐத் தாண்டாது. அப்படியிருக்க, 900 வந்தவரின் மூட்டில் எதுவும் நடக்கவில்லை என்று எப்படிச் சொல்வது?

ஆராய்ச்சியாளர்கள் நுட்பமான அடையாளங்களைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். கொலாஜன் உடையும்போது சிறுநீரில் வரும் சி.டி.எக்ஸ்.-2, குருத்தெலும்பிலிருந்து ரத்தத்தில் கலக்கும் காம்ப் புரதம் ஆகியவை அவற்றில் முக்கியமானவை. பெரிய கூட்டத்தைச் சேர்த்துப் பார்த்தால் யாருக்குத் தேய்மானம் வேகமாக முற்றும் என்று இவை ஓரளவு காட்டுகின்றன. ஒரு தனி மனிதருக்கு, "உங்கள் முட்டி இப்படி ஆகும்" என்று சொல்லும் அளவுக்கு இன்னும் வரவில்லை.

இந்த நிலையில் 'மூட்டுவலி பேக்கேஜ்' என்று விளம்பரம் செய்து முதியவர்களிடம் பணம் வாங்குவது எனக்குக் கோபத்தையே தருகிறது. முடக்குவாதமே இல்லாத முதியவர்கள் சிலருக்கும், அந்த நோய்க்காகப் பார்க்கும் ஆர்.ஏ. ஃபாக்டர் பாசிட்டிவ் வரும். அந்த ஒரு வரியைப் படித்துவிட்டுத் தூக்கம் கெட்டவர்களை எனக்குத் தெரியும்.

நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. மாரடைப்பு வந்து, சி.ஆர்.பி. லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் குறையாமல் இருந்த 10,061 பேரிடம், இன்டர்லூகின்-1 பீட்டாவைத் தடுக்கும் கேனகினுமாப் மருந்தைச் சோதித்தார்கள். 2020-இல் அந்தத் தரவை மறுபடி ஆராய்ந்தபோது, மருந்து பெற்றவர்களிடம் இடுப்பு, முழங்கால் மாற்று அறுவை சிகிச்சைகள் குறைவாக இருந்தது தெரிந்தது. ஆனால் அதே இன்டர்லூகின்-1ஐக் குறிவைத்து மூட்டுத் தேய்மானத்துக்கென்றே நடந்த சோதனைகள் சரியான பலன் தரவில்லை. ஒருவேளை மருந்தைவிட, யாருக்குக் கொடுப்பது என்பதில்தான் விடை இருக்கிறதோ என்று நினைக்கிறேன்.

இப்போதைக்கு ஒரு வேண்டுகோள். முட்டி திடீரென வீங்கி, சூடாகி, காய்ச்சலும் வந்தால் ரத்தப் பரிசோதனையோடு நின்றுவிடாதீர்கள். அன்றே மருத்துவரைப் பார்த்து, மூட்டு நீரை எடுத்துச் சோதிக்க வேண்டுமா என்று கேளுங்கள். கிருமித் தொற்றாக இருந்தால் சில நாட்களிலேயே மூட்டு அழிந்துவிடும்.