க்ளாக் 17-ஆ 19-ஆ: உள்ளங்கையில் ஒரு ரத்தக்கட்டு

வலது உள்ளங்கையின் அடியில் பட்டாணி அளவுக்கு ஒரு ரத்தக்கட்டு. மூன்று வாரமாக க்ளாக் 17, 19 என்ற இரண்டு கைத்துப்பாக்கிகளையும் மாற்றி மாற்றிச் சுட்டதற்குக் கிடைத்த பரிசு. கொடுத்தது 19.

வாங்குவதற்கு முன் இரண்டையும் இரவல் எடுத்துச் சுட்டுப் பார்த்துவிடலாம் என்று இறங்கினேன். உண்மையைச் சொன்னால் மனசு ஏற்கெனவே 19 பக்கம் முக்கால்வாசி சாய்ந்திருந்தது. சின்னது, அடக்கமானது, 15 ரவுண்டு (தோட்டா) பிடிக்கும். 17-ஐ விட இரண்டுதான் குறைவு. காலியாக எடை பார்த்தாலும் பெரிய வித்தியாசம் வராது. எனக்கு இருந்த ஒரே பயம் பேரல், அதாவது குண்டு வெளியேறும் குழாய்தான். 17-ன் 114 மி.மீ. எங்கே, 19-ன் 102 மி.மீ. எங்கே, குறி தவறிவிடுமே என்று.

அந்தப் பயத்தை ஒரு ராத்திரி பேப்பரில் கணக்குப் போட்டுத் தீர்த்துக்கொண்டேன். குறிபார்க்க உதவும் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் நடுவே 17-ல் 165 மி.மீ., 19-ல் 153 மி.மீ. முன் சைட் அரை மி.மீ. விலகினால் 10 மீட்டரில் 17 சுமார் 30 மி.மீ. தள்ளிப் போடும், 19 சுமார் 33. இருபத்தைந்து மீட்டருக்குப் போனாலும் 76-க்கு 82. ஆறு மி.மீ. வித்தியாசம். இலக்குத் தாளில் விழும் ஓட்டையே 9 மி.மீ.! டிரிக்கரை வெடுக்கென்று இழுத்து நான் கீழே இடது பக்கம் தள்ளுகிற தூரத்துக்கு முன்னால் இதெல்லாம் ஒரு பொருட்டா? நிதானமாக ஐந்து ஐந்தாகச் சுட்டபோது எந்தத் தாள் எதனுடையது என்று பின்னால் பெயர் எழுதி வைக்காவிட்டால் எனக்கே தெரிந்திருக்காது.

வேகமாகச் சுட ஆரம்பித்ததும் கதை மாறியது. உயரத்தில் 17 என்பது 139 மி.மீ., 19 என்பது 128. அந்த 11 மி.மீ.யில்தான் என் சுண்டு விரல் குடியிருக்கிறது. 19-ல் அது பாதி பிடியிலும் பாதி அந்தரத்திலும் தொங்குகிறது. இடது கைக்கும் ஒட்டிக்கொள்ள இடம் குறைவு. முதல் இரண்டு குண்டு ஒழுங்காகப் போகும், நான்காவதுக்குள் பிடி நழுவியிருக்கும், திரும்பப் பிடித்துத்தான் ஐந்தாவது. 17-ல் கடைசி வரை கை வைத்த இடத்திலேயே இருந்தது.

இதைக்கூடப் பழக்கத்தில் சரிக்கட்டிவிடலாம். மேகசின் (தோட்டாக்களை அடுக்கிப் பிடிக்குள் செருகும் பெட்டி) மாற்றுவதுதான் என்னை அழவைத்தது. பட்டனை அழுத்தினால் 17-ன் மேகசின் தானாகக் கீழே விழுகிறது. 19-ல் அழுத்துகிறேன், அரை விரல் இறங்கி அங்கேயே நிற்கிறது. ஸ்பிரிங் கோளாறு என்று நினைத்து இரண்டு மேகசினை மாற்றிப் பார்த்தேன். அப்புறம் கண்ணாடி முன் நின்று, தோட்டா எதுவும் இல்லாத அறையில், டம்மி ரவுண்டு (வெடிக்காத போலித் தோட்டா) வைத்து மெதுவாகச் செய்தபோதுதான் குற்றவாளி பிடிபட்டான்: என் உள்ளங்கை. பிடிக்குக் கீழே பிதுங்கும் சதை மேகசினின் அடித்தட்டைத் தாங்கிப் பிடித்திருக்கிறது. சரி, அதை உதறித் தள்ளிவிட்டு அடுத்ததை ஓங்கித் தட்டினால், அதே சதை தட்டுக்கும் பிடிக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும். கத்தாமல் இருக்க முடியாது.

கண்டுபிடித்த வழி இது. பட்டனை அழுத்தும்போதே கடைசி இரண்டு விரலைத் தளர்த்தி, உள்ளங்கையின் அடியை வெளிப்பக்கம் விரிக்க வேண்டும். புது மேகசின் 'டக்' என்று உட்கார்ந்த பிறகுதான் மூட வேண்டும், ஒரு நொடி முந்தினாலும் கிள்ளும். தினமும் ஐம்பது தடவை செய்தேன். மேகசின் மாற்ற டைமரில் 17-க்கு 2.2 நொடி வந்தால் 19-க்கு 3-ஐ ஒட்டியே நிற்கிறது. சின்னக் கை உள்ளவர்களுக்கு இந்தத் தொல்லையே இருக்காது. என் கூடச் சுடுபவர் ஒருவர் 19-ஐ எடுத்தால் அவருடைய கைக்கென்றே வார்த்த மாதிரி இருக்கிறது. பொறாமைதான்.

நடுவில் ஒரு குறுக்கு வழியும் பார்த்தேன். 17-ன் மேகசின் 19-க்குள் போகும் (19-னுடையது 17-க்கு ஆகாது, நீளம் பற்றாது). துருத்தும் பகுதியை மூட ஒரு பிளாஸ்டிக் ஸ்லீவ் வாங்கினேன். சுண்டு விரலுக்கு இடம் கிடைத்தது, சந்தோஷம். ஆனால் இரண்டு மேகசின் சுட்டதுமே ஸ்லீவ் மேலும் கீழும் ஆட ஆரம்பித்தது. விற்றவரிடம் கேட்டால் உள்ளே கொஞ்சம் டேப் சுற்றிக்கொள்ளுங்கள் என்கிறார். டேப் சுற்றவா இவ்வளவு கொடுத்து வாங்கினேன்?

துப்பாக்கி உறை பற்றி ஒரு வார்த்தை. 19-க்கு வாங்கிய உறையின் அடி திறந்திருந்தால் அதே தலைமுறை 17-ம் அதில் உட்காரும், பேரல் முனை மட்டும் எட்டிப் பார்க்கும். அதனால் எதை வாங்குவதென்று முடிவாகும் முன்பே உறையை வாங்கிவிட்டேன். வீட்டில் இதற்கு விளக்கம் சொல்லி முடியவில்லை.

யோசித்தால், எனக்கு 19-ன் பேரலோடு சண்டையே இல்லை, சண்டை முழுக்கப் பிடியோடுதான். மறைத்து எடுத்துப்போக வேண்டியவர்களுக்குக் கணக்கு நேர்மாறு: நீளப் பேரல் இடுப்போடு ஒட்டிக் கிடந்துவிடும், துணிக்கு மேல் காட்டிக்கொடுப்பது பிடிதான். தாளில் ஓட்டை போடும் எனக்கு அந்தக் கவலை எதற்கு? 17-ன் பிடியும் 19-ன் ஸ்லைடும் (பேரலை மூடியிருக்கும் மேல்பகுதி) சேர்ந்த 19எக்ஸ் மாடலை 2018-ல் கொண்டுவந்தார்கள், அதே அளவில் க்ளாக் 45 என்ற மாடலும் இருக்கிறது. அடுத்த மாதம் கிளப்பில் ஒருவர் தன்னுடைய 45-ஐத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குள் 25 மீட்டரில் சுட்டுப் பார்க்க வேண்டிய பாக்கியை இந்த இரண்டிலும் முடிக்க வேண்டும். இந்த வாரம் 17 மட்டும்தான், ரத்தக்கட்டு ஆறட்டும்.