நன்றி: கூகுள்

சேலத்தில் டிசைன் வேலை பார்ப்பவர்களுக்கு ஏப்ரல் பிறந்தால் தூக்கம் போய்விடும். மே மாதம் ஏற்காட்டில் கோடை விழா. அதற்குள் லாட்ஜ், ஹோம்ஸ்டே, டாக்சி என்று எல்லோருக்கும் நோட்டீஸ் வேண்டும். சொந்தப் படம் யாரிடமும் இருக்காது. இருந்தாலும் வாட்ஸ்அப்பில் வந்ததாக இருக்கும், அச்சில் கட்டம் கட்டமாகத் தெரியும். அதனால் பகோடா பாயின்ட், லேடீஸ் சீட், கிளியூர் அருவி என்று விக்கிமீடியா காமன்ஸ் என்ற இலவசப் படக் களஞ்சியத்தில் தேடி எடுப்போம்.

எடுப்பதில் தப்பில்லை, எடுத்துக்கொள்ளத்தான் அங்கே வைத்திருக்கிறார்கள். எடுத்த பிறகு மூலையில் ‘நன்றி: கூகுள்’ என்று போடுகிறோமே, அதுதான் எனக்கு ஒப்பவில்லை. கூகுள் தேடிக் கொடுத்தது, அவ்வளவுதான். ‘நன்றி: விக்கிப்பீடியா’ என்று போடுவதும் அரைகுறைதான். கல்யாண மொய் நோட்டில் பேரும் ஊரும் எழுதாமல் ‘நன்றி: மண்டபம்’ என்று எழுதினால் விடுவார்களா?

இந்தப் படங்கள் பலவும் கிரியேட்டிவ் காமன்ஸ் (சிசி) உரிமத்தில் இருக்கும். ‘இன்ன நிபந்தனையோடு யாரும் பயன்படுத்தலாம்’ என்று எடுத்தவரே முன்கூட்டித் தரும் அனுமதி அது. இந்த உரிமங்கள் 2002-லிருந்து புழக்கத்தில் இருக்கின்றன. 4.0 பதிப்பு 2013-ல் வந்தது. சிசி பை வகையில் காசு கேட்பதில்லை. படம் பிடித்தவர் பெயர், படம் இருக்கும் இடம், எந்த உரிமம், எதையாவது மாற்றியிருந்தால் அதைப் பற்றி ஒரு வார்த்தை, இவ்வளவுதான் கேட்கிறார்கள். நான் போடும் வரி இப்படி இருக்கும்: ‘கிளியூர் அருவி. படம்: இன்னார், விக்கிமீடியா காமன்ஸ், சிசி பை-எஸ்ஏ 4.0, இரு பக்கமும் வெட்டப்பட்டது.’ கூடவே படத்துக்கும் உரிமத்துக்கும் சுட்டி. எஸ்ஏ என்றால் ‘ஷேர்அலைக்’, படத்தை மாற்றிச் செய்ததையும் அதே உரிமத்தில் பகிர வேண்டும் என்பது.

அந்த ‘இன்னார்’ யார் என்பதில்தான் கவனம் வேண்டும். காமன்ஸில் ஏற்றியவர் வேறு, எடுத்தவர் வேறு. ஃப்ளிக்கர் என்ற படப் பகிர்வுத் தளத்திலிருந்து மற்றவர்கள் கொண்டுவந்து ஏற்றிய படங்கள் அங்கே ஏராளம். ‘ஆத்தர்’ என்ற இடத்தில் இருக்கும் பெயரைத்தான் எடுக்க வேண்டும். அதே பக்கத்தில் தேதியும் இருக்கும். மழைக்கால அருவியைப் போட்டு மே மாதம் ஆள் கூப்பிடுகிறோமா என்பது அதைப் பார்த்தால் தெரிந்துவிடும். (பார்த்தும் போடச் சொல்பவர்கள் உண்டு.) ஃப்ளிக்கரிலேயே நேராக எடுத்தால் என்சி, அதாவது வியாபாரத்துக்குக் கூடாது, என்று இருக்கிறதா என்று பார்த்துவிடுவேன். லாட்ஜ் விளம்பரத்துக்கு அது ஆகாது.

வாடிக்கையாளரிடம் சொல்லிப் புரியவைப்பதுதான் பெரிய வேலை. ஒரு ஹோம்ஸ்டே முதலாளி கேட்டார், “தம்பி, என் காசுல அடிக்கிற நோட்டீஸ்ல வேற ஆளு பேரு எதுக்கு? அப்படியே அவன் போன் நம்பரையும் போட்டுடலாமா?”

“காசு கேக்கலீங்கண்ணா, பேரு மட்டும்தான் கேக்குறாங்க.”

“எஸ்ஏன்னு போட்டிருக்கியே, அப்ப என் நோட்டீஸையே யார் வேணா எடுத்துக்கலாமா?”

நியாயமான கேள்வி. படத்தைப் படமாகவே நோட்டீஸில் வைத்தால் அப்படி ஒன்றும் ஆகாது. அருவிப் படத்தையும் காபித் தோட்டப் படத்தையும் குழைத்துப் புதுப் படம் ஒன்று செய்தால், அந்தப் புதுப் படத்தை அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். அதனால் எஸ்ஏ படங்களை நான் தனித்தனியாகவே வைக்கிறேன்.

“சரி, கண்ணுக்குத் தெரியாம போடு” என்று இறங்கி வந்தார். அதிலும் ஒரு சிக்கல். கரும்பச்சைப் பின்னணியில் 5 பாயின்ட் வெள்ளை எழுத்து வைத்தால் ‘ண’வின் சுழிகளில் மை அடைத்துக்கொள்ளும், பெயர் போட்டும் போடாத கதைதான். மூன்றாக மடிக்கும் நோட்டீஸில் பின்பக்க மடிப்பின் அடியில், வெள்ளைப் பட்டையில், 6 பாயின்ட் கறுப்பில் எல்லாப் படங்களுக்கும் சேர்த்துப் போட்டுவிடுகிறேன். அழகும் கெடுவதில்லை.

பெயரைக் கடைசியில் தேடினால் கிடைக்காது. டவுன்லோட் செய்யும்போதே ஃபைல் பெயரில் எடுத்தவரையும் உரிமத்தையும் சேர்த்துவிட வேண்டும். கடைக்குப் புதிதாக வரும் பையன்களுக்கு நான் முதலில் சொல்லித் தருவது இதைத்தான், கோரல்டிரா அப்புறம்தான்.

ஃப்ளெக்ஸுக்கு வேறு வழி. விவரம் முழுவதும் உள்ள பக்கத்துக்குச் சுட்டி கொடுத்தாலும் 4.0-ல் ஏற்பார்கள், இடத்துக்குத் தகுந்த முறையாக இருந்தால் போதும். அதற்கு ஒரு க்யூஆர் கோடு வைக்கிறோம். அதன் மேலே ‘படங்கள் எடுத்தவர்கள்’ என்று பெரிதாகவே எழுதிவிடுவோம், இல்லாவிட்டால் ஜிபே என்று நினைத்து ஸ்கேன் செய்கிறார்கள்.